அப்பாவுக்கு மேலே பறந்த மீன்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டின் பால்கனியில் ஒரு கோடையில் நான்கு மீன்கள் தொங்கின. அதற்கு முழுப்பொறுப்பும் நான்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. சன்னிவேலில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம்.

அந்த வருஷம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் ஹாலில் காற்றடைத்த மெத்தையைப் போட்டுக்கொண்டு குடியிருந்தார். அவருக்கு வேலை போயிருந்தது. சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் பெரியவர்களின் கவலை. என்னைப் பொறுத்தவரை, என்னோடு விளையாடுவதற்கென்றே ஆபீஸ் அவருக்கு லீவு கொடுத்து அனுப்பியிருந்தது. டேகேருக்கு என்னை நடத்திக் கூட்டிப்போவதும் திரும்ப அழைத்து வருவதும் அவர்தான். வழியில் எதிர்ப்படும் நாய்களிடமெல்லாம் திருநெல்வேலித் தமிழில் குசலம் விசாரிப்பார்.

சாயங்காலம் ஆனால் மாமா வேறு ஆள். அப்பாவின் கார் சத்தம் கேட்டதும் மெத்தையின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். சாப்பிட்ட தட்டை யாரும் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அப்பா அவரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. 'இரு' என்றும் சொன்னதில்லை. அவர் பொதுவாகவே வாயைத் திறக்காத மனிதர். அந்த மௌனத்துக்கு மாமா தானாக ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, ஊருக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

எங்கள் டேகேரில் ஒரு ஜப்பானிய டீச்சர் இருந்தார். அவர் நாட்டில் மே மாதம் குழந்தைகளுக்கென்று ஒரு பண்டிகை உண்டாம். துணியில் கெண்டை மீன்கள் செய்து, கம்பத்தில் கட்டிப் பறக்கவிடுவார்களாம். ஆற்றை எதிர்த்து நீந்துகிற கெண்டை மாதிரிப் பிள்ளைகளும் தெம்பாக வளர வேண்டுமாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை மீன். உச்சியில் பெரிய மீன் அப்பா, அடுத்தது அம்மா, பிறகு வயசுப்படி பிள்ளைகள். இவ்வளவும் சொல்லிவிட்டு, அவரவர் வீட்டைச் செய்யச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் காகிதக் குழாய்களையும் பெயின்டையும் கொடுத்தார். எனக்கு மூன்று வந்தது. "நோ, ஃபோர்!" என்று நான் போட்ட கூச்சலில் நான்காவதும் வந்தது.

இருப்பதிலேயே பெரியதை மாமாவாக்கி, முறுக்கு மீசை வரைந்தேன். அம்மா மீனின் நெற்றியில் சிவப்பாகப் பொட்டு வைத்தேன். டீச்சர் அதை மூன்றாவது கண் என்று நினைத்து வியந்து பாராட்டினார். அடுத்தது நான். மிஞ்சிய குட்டிக் குழாயின் கழுத்தில் ஓர் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டு அப்பா ஆக்கினேன்.

பண்டிகையன்று அப்பாவே அரைநாள் லீவு போட்டு டேகேருக்கு வந்துவிட்டார். அம்மா வேலையில் மாட்டிக்கொண்டதால் மாமாவும் வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மீன்களைக் கட்டிய தங்கள் கழியைத் தூக்கிக் காட்டி, எந்த மீன் யார் என்று சொல்ல வேண்டும். நான் உச்சியிலிருந்து ஆரம்பித்து மாமா, அம்மா, நான் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்பா குனிந்து, "நான் எங்கடா செல்லம்?" என்றார்.

அடியில் இருந்ததைக் காட்டினேன்.

"ஏன் இவ்ளோ குட்டியா இருக்கேன்?"

"யூ கம் ஹோம் லேட்," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமா மட்டும் வெலவெலத்துப்போனார். "அத்தான், சின்னப் பிள்ள, தெரியாம பண்ணிட்டா," என்று கழியை வாங்கி, மீன்களை இடம் மாற்றக் கை வைத்தார். நான் அலறிய அலறலில் கையை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அன்றைக்குப் பார்த்து பொட்டுக் காற்று இல்லை. எல்லா வீட்டு மீன்களும் துவைத்துப் போட்ட சாக்ஸ் மாதிரித் தொங்கின. மாமா மீன் நீந்தவே நீந்தாதோ என்று எனக்கு உதடு பிதுங்கிவிட்டது. மாமா அதைப் பார்த்தார். சட்டென்று கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். மீசை மீன் வாயைத் திறந்து காற்றைக் குடித்து, உடம்பு உப்பி, வாலை அடித்துக்கொண்டு கிளம்பியது! அப்புறம் கேட்க வேண்டுமா? பிள்ளைகள் எல்லோரும் கழிகளோடு அவர் பின்னால் ஓடினோம். டீச்சர் முதலில் பதறினார், பிறகு செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அவரும் ஓடினார். திரும்பிப் பார்த்தால், கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆட ஆட அப்பாவும் ஓடி வந்துகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் கை வைத்தாள். "சைவ வீட்டு பால்கனில மீனா? கீழ்வீட்டு ஆன்ட்டி பாத்தா கருவாடு காயப்போட்டிருக்கோம்னு நெனப்பாங்க."

அப்பா காதில் வாங்காமல் ஸ்டூல் மேல் ஏறினார். மாமா மீன்களை எடுத்துக் கொடுத்தார். பெரியதைக் கொடுக்கும்போது மட்டும் தயங்கினார். "அத்தான், இந்த மீசைய அழிச்சிட்டு உங்களோடதுன்னு வச்சிருவோம். டீச்சர் சொன்ன முறைப்படி மேல நீங்கதான்."

"அவ கட்டின மாதிரியே இருக்கட்டும் மாப்ள," என்று அப்பா அதை வாங்கி உச்சியில் முடிச்சுப் போட்டார். "நாலு பேர் இருக்கற வீடு, நாலு மீன். டிக்கெட்டெல்லாம் ஒண்ணும் பாக்க வேணாம்."

ஜூன் கடைசியில் டெக்சாஸில் வேலை கிடைத்து மாமா போகும்வரை அந்த மீன்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் அந்தச் சாயங்காலம் மாமா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே காற்று கிளம்பியது. நான்கும் உப்பிக்கொண்டு நீந்தத் தொடங்கின. மாமா பார்க்காமல் போய்விடுவாரே என்று நான் கதவை இரண்டு கையாலும் இடித்தேன். திறந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் ஈரம், காலர்வரை ஈரம், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வொய் ஆர் யூ ஸோ வெட், மாமா?"

"மீனுன்னா தண்ணில இருக்க வேண்டாமாடி?" என்றார்.

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நானும் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, தலையிலும் முகத்திலும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்தபடி பால்கனியில் நின்றேன்.