ஊஞ்சல் பலகையின் கனம்

வணிகத்தில் எந்தப் பொருளின் அளவையும் மெட்ரிக் முறையில்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இன்ச்சுக்கும் நூலுக்கும் அதில் இடம் கிடையாது. அரசுப் பணியில் இருந்த காலத்தில், மதிப்பீட்டில் 'முக்கால் இன்ச் பிளைவுட்' என்று எழுதிவந்த கோப்புகளை அந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். '19 மி.மீ.' என்று திருந்தி வரும். கையெழுத்துப் போடுவேன். சுவரில் ஏறும் பலகை என்னவோ 18தான் இருக்கும்.

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் கூடத்தில் தொங்கும் ஊஞ்சலுக்கும் அந்தச் சட்டம்தான் பொருந்தியிருக்க வேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி அமெரிக்கா போன பிறகு அதன் பலகை விரிசல் விட்டது. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள், விசாவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். இத்தனை வருடம் இருவரைத் தாங்கிய பலகை ஒருவனைத் தாங்காததற்குக் காரணம் எளிது. காலையில் பேப்பர், சாயங்காலம் காபி, இரண்டுக்கும் நான் என் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டிருந்தேன். நடுவில் நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. என் பக்கத்துச் சங்கிலி மாட்டும் துளையில் கிளம்பிய விரிசல் அவள் பக்கம் வரை ஓடியிருந்தது.

ஆசாரி வந்து டேப்பை வைத்துப் பார்த்து ஒன்றரை இன்ச் என்றார். நான் வெர்னியரை எடுத்து அளந்து, 35 மில்லிமீட்டர் என்றேன். ஒன்றரை இன்ச் என்றால் 38 வரவேண்டுமே என்றும் சொன்னேன். இழைத்ததில் ஒரு நூல் போயிருக்கும் என்றார். நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். கணக்கு சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒருத்தர் குந்தறதுக்கு ஒரு இன்ச் போதும் சார்," என்றார். "ரெண்டு பேர்னா ஒன்ரை வோணும். எத்தினி பேரு?"

"கேட்டுச் சொல்றேன்."

"இதை யாராண்ட சார் கேப்பே?"

அன்றே மனைவிக்குச் செய்தி அனுப்பினேன்: ஊஞ்சல் பலகை 25 மி.மீ. கனத்தில் போடுவதா, 38 மி.மீ. கனத்தில் போடுவதா, ஆசாரி ஆள் கணக்குக் கேட்கிறார். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. பதிலுக்குப் பேரன் தூங்கும் படம் வந்தது. நினைவூட்டு அனுப்பினேன். பேரன் கொட்டாவி விடும் படம் வந்தது.

இரண்டாவது நினைவூட்டுக்கு மாப்பிள்ளை பதில் எழுதினார். அங்கே ஒரு இன்ச் என்று விற்கும் பலகையை அளந்தால் முக்கால் இன்ச்தான் இருக்குமாம். உலர்த்தி இழைத்த பிறகும் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறார்களாம். ஆறு மாதம் மட்டும் ஏன் இழைக்க இழைக்க வளர்கிறது என்று தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

பலகையைக் கழற்றி பால்கனியில் சாத்திவைத்தாயிற்று. கூடத்தில் சங்கிலிகள் மட்டும் தொங்கின. சாயங்காலம் கடல்காற்று வந்தால் ஒன்றோடொன்று உரசும். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன். நாற்காலியையும் என் ஓரத்துச் சங்கிலிக்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தேன்.

ஆசாரி அவ்வப்போது போன் செய்வார். "இன்னா சார், அம்மா ஆர்டர் வந்துச்சா?" என்பார். நிலுவையில் இருக்கிறது என்பேன்.

கடைசியில் அவள் குரலிலேயே வந்தது. பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான்.

"அந்த ஆசாரி பேச்சைக் கேட்டு ஒரு இன்ச்ல போட்டுடாதீங்கோ. ஒன்றரையே போடச் சொல்லுங்கோ. நான் இங்க வந்து நன்னா வெயிட் போட்டிருக்கேன். மாசி பொறக்கறதுக்குள்ள மாட்டி வெச்சிருக்கணும், சொல்லிட்டேன்."

மில்லிமீட்டரில் சொல்லவில்லை. நான் திருப்பி அனுப்பவும் இல்லை. பதில் கிடைத்த தேதி: தை முதல் நாள்.