கடலில் எழுந்த ஆரஞ்சுப் புகை

மாலை நாலே காலுக்கு முதலில் தெரிந்தது விமானம் அல்ல, அதன் நிழல். மணலில் விரித்திருந்த எங்கள் தார்ப்பாயைத் தாண்டி, அடுத்த குடும்பத்தின் முறுக்குப் பொட்டலத்தைத் தாண்டி, கடலுக்குள் ஓடி மறைந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. கூட்டம் கைதட்டியது.

திருவனந்தபுரம் கடற்கரையில் அவ்வப்போது போர் விமானங்களைப் பறக்கவிட்டு வேடிக்கை காட்டுவார்கள். அந்த ஆண்டு எங்கள் மாதா கோயில் இளைஞர்கள் ஒரு வேன் பிடித்தார்கள். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. எனக்கு ஒன்பது வயது. மாநில எல்லையான களியக்காவிளை தாண்டுவதற்குள் நான் வாந்தியெடுத்து முடித்திருந்தேன்.

வேனில் மாமி ஏறியதைத்தான் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். மாமி, அப்பாவின் தங்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த புயலில் மாமா போன விசைப்படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களில் சிலர் உயிரோடு வந்தார்கள். சிலர் உடலாக வந்தார்கள். மாமா எந்த விதத்திலும் வரவில்லை. அதன்பிறகு மாமி கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர எங்கும் போனதில்லை.

எங்கள் ஊரில் உடல் கிடைக்காதவருக்கும் அடக்கப் பூசை உண்டு. அதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும். மாமி சம்மதிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடக்கும்.

“ஹெலிகாப்டர்ல போயித் தேடினவனுக்கே ஆளக் காணல. பின்ன எங்கட்டி இருக்கான் அவன்?” என்பார் அப்பா.

“அதத்தான் அண்ணே நானும் சொல்லுதேன். மேலேருந்து பாத்தவனுவளுக்குக் கடல்ல ஆளக் காணல. அப்போ கடல்ல இல்லன்னுதானே? எவனோ கப்பல்காரன் எடுத்துட்டுப் போயிருக்கான்.”

ஒரே செய்தியிலிருந்து அண்ணனும் தங்கையும் எதிரெதிர் முடிவுக்கு வந்திருந்தார்கள். மாமியின் பக்கம் ஒரு சாட்சியும் இருந்தது. பக்கத்து ஊரில் அடக்கம் முடிந்த ஒருவர், குஜராத்தில் கரையேறி, ரயிலில் வீட்டுக்கு வந்து, தம்முடைய நினைவுப் பூசைக்குச் சமைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டாராம். குழம்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னாராம். மாமி இதைச் சொல்லும்போது நான் சிரிப்பேன். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

விமானங்கள் நேராக மேலே ஏறின, தலைகீழாக இறங்கின, புகையால் வானத்தில் ஓர் இதயம் வரைந்தன. எங்கள் வேனில் வந்தவர்களைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல.

“லேய், நம்ம மீன் டெம்போக்காரனக்க ஓட்டு மாதிரில்லா இருக்கு!”

“அவன் இத விட வளைப்பாம்லே.”

மாமி எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்து ஹெலிகாப்டர் வரும், கடலில் விழுந்தவரை மீட்டுக் காட்டுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நீர் விளிம்புவரை போனார். நானும் அப்பாவும் பின்னால் போனோம். வேனில் வந்த மற்றவர்களும் வந்தார்கள்.

ஒரு படகு கறுப்பு உடுப்புப் போட்ட ஓர் ஆளைக் கடலில் இறக்கிவிட்டு விலகியது. கூட்டம் வானத்தைப் பார்த்தது. எங்கள் ஆட்கள் கடலைப் பார்த்தார்கள், அது பழக்கம். அலைக்கும் அலைக்கும் நடுவில் அந்தத் தலை தெரிந்து தெரிந்து மறைந்ததை அவர்கள் ஒரு கணமும் விடவில்லை. ஹெலிகாப்டர் வடக்கிலிருந்து தாழ்வாக வந்தது. வந்த வேகத்திலேயே அவரைத் தாண்டிப் போய்விட்டது.

“லேய், விட்டுட்டியே! பொறத்தால கெடக்காம்லே!”

“திரும்புலே! இவனுக்குக் கண்ணு பிடிக்கலியா?”

ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது கடலிலிருந்து ஆரஞ்சு நிறப் புகை எழுந்தது. மிதந்தவர் கையில் எதையோ பிடித்திருந்தார். ஹெலிகாப்டர் திரும்பி, புகைக்கு நேர் மேலே நின்று, கயிறு இறக்கி அவரைத் தூக்கிக்கொண்டது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் குதித்தேன்.

ஒலிபெருக்கியில் ஒருவர் மலையாளத்தில் விளக்கினார். அந்த மொழி எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். மேலேயிருந்து பார்த்தால் அலையில் மனிதத் தலையும் தேங்காயும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அடையாளம் இல்லாவிட்டால் நேர் மேலே பறந்தாலும் கண்ணில் படாமல் போகலாம், அதற்காகத்தான் இந்தப் புகை என்றார். மிகவும் பெருமையாகச் சொன்னார்.

மாமி திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

“அண்ணே, பொக இல்லாட்டா காணாதா?”

அப்பா ஹெலிகாப்டர் போன திசையைப் பார்த்தார். பிறகு, “காணும்ட்டி. அவன் சும்மா சொல்லுதான். பொக விட்டாத்தானே ஆளுவ கைதட்டுவாவ” என்றார்.

“அவருக்க கையில அன்னைக்கு ஒண்ணும் இல்லியே.”

“கண்ணு உள்ளவன் கண்டுருவான். கடல்ல ஆளு கெடந்தா கண்டுருப்பான். நீ வந்து இரி.”

இரண்டு ஆண்டுகள் எதிர்த்துப் பேசிய அப்பா, மாமி சொன்னதையே இப்போது மாமிக்குத் திருப்பிச் சொன்னார். சண்டையில் மாமி ஜெயித்துவிட்டதாக நான் நினைத்தேன். அப்படியானால் மாமா கப்பலில்தான் இருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமி ஏன் சந்தோஷப்படவில்லை என்று தெரியவில்லை. ஒன்பது விமானங்கள் அம்பு வடிவில் தலைக்கு மேல் போனபோதும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் களியக்காவிளையில் டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள். மாமி எனக்கு, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தார். எண்ணெயைத் தாளில் ஒற்றி, ஊதி ஆறவைத்துத் தந்தார். பிறகு அப்பாவிடம், “நாளைக்கு பங்குச் சாமியாரப் பாக்கணும் அண்ணே. நீங்களும் வருவியளா?” என்று கேட்டார்.

எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. டம்ளரில் பாதி டீ இருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

மாமா கிடைப்பதற்காகப் பூசைக்குச் சொல்லப் போகிறார்கள் என்று நான் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னேன்.

அந்த வாரமே அடக்கம் நடந்தது. சவப்பெட்டிக்குள் மாமாவின் வெள்ளைச் சட்டையும் ஒரு வேட்டியும் வைத்தார்கள். கல்லறைத் தோட்டம்வரை தூக்கிக்கொண்டு போவதற்கு நாலு பேர் வந்து நின்றார்கள். அப்பா ஒருவரே அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார்.