ஜீப்புல வந்த பச்சைச் சேலை

பேய் பிசாசுன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன், அப்படி ஆளு. நீங்களும் நம்ப வேணாம், கேட்டா மட்டும் போதும்.

சென்னையில வேலை பாத்தப்ப லீவுநாள்ல தெருத்தெருவா அலைஞ்சு போட்டோ எடுத்துப் பழகினவ நான். கேமராவை ஆடாம வச்சு, ஷட்டரைக் கொஞ்ச நேரம் தெறந்து விட்டா, கட்டடம் பளிச்சுன்னு விழும், நடக்குற ஆளுக மட்டும் புகை மாதிரி இழுத்துக்கிட்டுப் போவாங்க. அதைப் போடியில செஞ்சு பாப்போமேன்னு, போன மழைக்காலத்துல ஊருக்கு வந்தப்ப, விடியக்காலையில ஜீப்பு நிக்கிற எடத்துக்குப் போனேன். ஏலக்காத் தோட்டத்துக்குப் போற பொம்பளைக தூக்குவாளியோட ஓடி வந்து ஏறிக்கிட்டிருந்தாங்க. எடுத்துப் பாத்தா எல்லாரும் புகை. பச்சைச் சேலை கட்டுன ஒரு அம்மா மட்டும், அவங்களும் வெரசா நடந்து வந்தவங்கதான், ஒரு மடிப்புக்கூடக் கலங்காம செதுக்கி வச்ச மாதிரி விழுந்திருக்காங்க. மறுபடி எடுத்தேன், அப்படியேதான். என்னா ஒரு முகம்ங்கிறீங்க! சத்தியமா பயம் வரல, இன்னும் எடுக்கணும்னு ஆசைதான் வந்துச்சு. டிரைவர் முருகண்ணன்கிட்டச் சொல்லிட்டு நானும் அதே ஜீப்புல ஏறிட்டேன்.

போடிமெட்டு வளைவுல ஜீப்பு குலுங்குது, எதுத்தாப்புல அந்தம்மா. எடுத்தா மத்த மூஞ்சியெல்லாம் கலங்கிக் கெடக்கு, அவங்க கண்ணுமுழிகூடத் தெளிவு. என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. அப்புறம் டிரைவர் பக்கம் திரும்பி, "தம்பி, நிப்பாட்டு. எல்லாரும் எறங்கி என் பின்னாடி வாங்க"ன்னாங்க. சத்தமே போடல, ஆனா ஒருத்தர் விடாம எறங்கிட்டோம். முருகண்ணன்கூட எறங்கிட்டாரு. வந்த வழியிலயே அவங்க முன்னால நடக்க, நாங்க பின்னால நடந்தோம். ஒரு வளைவு திரும்பியிருக்க மாட்டோம், அதுக்குள்ள மேல இருந்து பாறை சரிஞ்சு ஜீப்பை அப்பளமா நொறுக்கிருச்சு.

பொம்பளைக கட்டிப்பிடிச்சு அழுதாங்க. அதையும் ஒரு படம் எடுத்துட்டு நிமிந்தா அந்தம்மாவைக் காணோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எங்கிட்டுப் போயிருப்பாங்க?

"உன் கூட வந்தவுகன்னுல்ல தங்கச்சி நெனைச்சேன்"ன்னாரு முருகண்ணன். பொம்பளைக ஆளாளுக்கு வேற தோட்டத்து ஆளுன்னு நெனைச்சிருக்காங்க.

யாரா இருந்தாலும் மகராசி, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா கடைசியா எடுத்த அந்தப் படத்தை மட்டும் இன்னைக்கும் என்னால ரொம்ப நேரம் பாக்க முடியல. லட்சுமியக்கான்னு ஒருத்தங்க, யாரையோ தோளோட அணைச்சு அழுதுக்கிட்டிருக்காங்க. எடுக்கும்போது அது அந்தம்மாதான், படத்துல பக்கத்துல ஆளே இல்ல. நீட்டுன கை மட்டும் காத்துல கெடக்கு, கொஞ்சங்கூடத் தொங்காம.