நின்றது மோட்டார் சைக்கிள்தான்

வட்டக்கச்சியில் என்னை ஒருமுறை உயிரோடு பிணமாக்கிக் கிடத்தினார்கள். பாம்பு கடித்ததால் அல்ல. பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கும் பரியாரி செல்வநாயகத்தாரின் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது, அதனால். அறுபத்திரண்டாம் ஆண்டு நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

செல்வநாயகத்தார் கைதடிக்காரர். எங்களைப் போலவே குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர். பகல் முழுக்க வயலில் நிற்பார். எங்களைப் போலவே வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடிப்பார். பாம்புக்கடி என்று ஆள் வந்தால் மட்டும் மண்வெட்டியை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வெற்றிலையைத் தவிர வேறொன்றும் வாங்கமாட்டார். ஆனால் போன வீட்டில் முதலில் விழுவது அவருடைய ஏச்சுத்தான்.

சைக்கிளில் போனால் பிந்துகிறது என்று ஓர் ஓவசியர் ஓடிக் கழித்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். அவர் ஆயுளிலே முதல் மோட்டார் சைக்கிள். வேட்டியைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தெருவால் அவர் பறப்பதைப் பார்க்க வேலிக்கு வேலி சனம் நிற்கும். சனியன் பிடித்த வண்டி, இரண்டு மைல் ஒழுங்காக ஓடும். பிறகு இருமிவிட்டு நின்றுவிடும். ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கிற நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும்.

விஷ வைத்தியத்தில் குறி பார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. அழைக்க வந்தவன் எந்தக் காலை முன்வைத்து நின்றான், பரியாரி வருகிற வழியில் என்ன தடங்கல் என்றெல்லாம் பார்ப்பார்கள். வழியில் தடங்கல் என்றால் ஆள் தப்பாது என்று ஏட்டில் இருக்கிறதாம். செல்வநாயகத்தார் தன் மாமனிடம் வைத்தியத்தோடு குறியையும் படித்தவர். படித்துவிட்டுக் குறியைத் தூக்கி எறிந்தவர். சனம் எறியவில்லை. கடிபட்டவரிடம் போகிற வழியில் வண்டி நின்ற இரண்டு தரமும் தற்செயலாக ஆள் செத்துப்போக, மோட்டார் சைக்கிள் நின்றால் ஆள் முடிந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எனக்குக் கடித்தது புடையன் பாம்பு. களை பிடுங்கிக்கொண்டு நின்றபோது காற்பெருவிரலில் போட்டது. மைத்துனர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரியாரியிடம் பறந்தார். கால் வீங்கி, உயிர் போகிற வேதனை. ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்வீட்டு நேசமலர் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"ஐயோ மாமி, பள்ளிக்கூடத்தடியில பரியாரியாற்ற மோட்டார் சைக்கிள் நிண்டிட்டுது!"

அவ்வளவுதான். என் மாமியார் அன்னபாக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். என்னைக் கட்டிலால் இறக்கிப் பாயில் போட்டுத் தலையைத் தெற்கே திருப்பினார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றினார்கள். நான் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்!

"தண்ணி தாங்கோ," என்றேன்.

"கடைசியாய்க் கேக்கிறாள், பாலைப் பருக்குங்கோ," என்று மாமி குழறினார்.

"மாமி, எனக்கு உயிர் இருக்கு!"

"ஓம் பிள்ளை கமலாசனி, ஓம்," என்று என் தலையைத் தடவித் தடவி அழுதார்.

அந்த நேரம் எனக்கு வந்த கோபம்தான் என் உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன். பரியாரியார் வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு, மருந்துப் பையோடு ஒரு மைல் ஓடி வந்தார். வாசலில் நின்று விளக்கைப் பார்த்தார்.

"ஆர் உந்த விளக்கைக் கொளுத்தினது? ஏடு எழுதினவன் மோட்டார் சைக்கிளைக் கண்டவனே? நிண்டது எஞ்சின். கமலாசனி நிக்கேல்லை. தூக்கிக் கட்டில்ல போடுங்கோ!"

மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து பார்த்தார். நான் எழும்பினேன்.

இதற்குப் பிறகு ஊருக்கு வெட்கம் வரவேண்டும். வந்ததா? கூட்டுறவுச் சங்கக் கடையடியில் கூடி, வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் போட்டுப் பரியாரிக்கு நிற்காத புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். அதைச் சொல்ல எல்லாரும் அவர் வீட்டுக்குப் போக, நொண்டிக்கொண்டு நானும் போனேன். முற்றத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிற யோகலிங்கம் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தான். அது மூன்றாம் தரம். ஒரு பிழையும் பிடிபடவில்லை.

"புதுசு வேண்டாம்," என்றார் பரியாரியார். "புதுசும் ஒருநாள் நிக்கும். அண்டைக்கு அந்த வீட்டு ஆளையும் பாயில போடுவியள். நான் இதைத்தான் திருத்துவன்."

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. உயிர் தந்த மனுசன் என்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டிருப்பதா?

"பரியாரியார், பாயில கிடந்தது நான். நீங்கள் ஓடி வந்த நேரமெல்லாம் விஷம் ஏறினது என்ர காலில. குறியில்லை எண்டு காட்டுறதுக்கு இன்னொரு ஆளைக் காக்க வைக்கப்போறியளோ? திருத்த ஏலுமெண்டாத் திருத்துங்கோ. இல்லாட்டி உந்த வண்டியைக் குளத்துக்க தள்ளிப்போட்டுப் புதுசை வாங்குங்கோ!"

அவரோடு ஒருவரும் அப்படிக் கதைத்ததில்லை. முகம் கறுத்துப்போனது. சாக்கில் கிடந்த எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்லுறது சரி, பிள்ளை. வாற வெள்ளிக்குள்ள இது திருந்தாட்டி புதுசு எடுக்கிறன்," என்றார்.

மாமிக்கு அந்த நேரம்தான் கிடைத்தது. சந்தனக் கிண்ணத்தோடு முன்னுக்கு வந்து, "இனி நிக்கப்படாது, அப்பனே," என்று பெற்றோல் டாங்கி மூடியில் அப்பினார். வண்டி வாங்கிய அன்றே பரியாரியாரின் மனைவி பத்மாசனி அந்த மூடியில் சந்தனம் வைத்தவர். நிற்கத் தொடங்கியபிறகு, பரியாரியார் போகிற வீடெல்லாம் வைத்தது. வைத்து வைத்து அது விரல் தடிப்பில் காய்ந்து கிடந்தது. எஞ்சினை மூன்று தரம் கழற்றிய யோகலிங்கம்கூடச் சாமிக்கு வைத்ததென்று அதை உரசிப் பார்க்கவில்லை.

"காணும், உங்கட குறியும் சந்தனமும்!" என்று கொண்டை ஊசியை உருவினேன். மாமி பார்க்கப் பார்க்க அதை அடியோடு சுரண்டினேன். ஊசிமுனை ஒரு துளைக்குள் இறங்கியது.

"அக்கா, விலத்துங்கோ!" யோகலிங்கம் பாய்ந்து வந்து துளையில் வாயை வைத்து ஊதினான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "கடவுளே, இது டாங்கிக்குக் காத்துப் போற ஓட்டை. காத்துப் போகாட்டிப் பெற்றோல் இறங்காது. ரெண்டு மைல் ஓடிப்போட்டு நிக்கும். நான் எஞ்சினுக்க தேடினன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து மூடியை அடைச்சு வைச்சிருக்கிறியள்!"

பரியாரியார் சாக்கில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எஞ்சினைப் பூட்டி, அன்றைக்கே கிளிநொச்சிக்குப் போய் நிற்காமல் திரும்பி வந்தார். நெல் மூட்டை அவரவர் வீட்டிலேயே கிடந்தது.

எட்டு மாதம் அது ஓடியது. பிறகு, வாய்க்கால் கடைசி வீட்டு யோகநாதனைப் பாம்பு கடித்த அன்று, வழியில் டயரில் ஆணி ஏறிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யோகநாதன் தப்பிவிட்டான். நானும் மாமியும் அங்கே நெல் சூடடிப்புக்குப் போயிருந்தோம். மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது என்ற கதை வந்ததும் அவன் மனைவி சிவனேஸ்வரியின் வாய் ஒப்பாரிக்குக் கோணியது. நான் ஏசுவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் மாமி முந்திவிட்டார்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மாட்டுவண்டிலைப் பூட்டச் சொல்லு!"

யோகநாதனை வைக்கோலில் கிடத்தி, தலையை மாமி மடியில் வைத்துக்கொண்டு மாட்டை விரட்டினோம். தெருவில் மருந்துப் பையோடு பரியாரியார் ஓடி வந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆளை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று மூச்சு வாங்க வாங்கக் கத்தினார்.

"நீங்கள் நிண்டிட்டியள் எண்டு சொன்னவை," என்றார் மாமி. "அதுதான் நாங்கள் வந்தனாங்கள்."