காணிப்பாக்கத்துச் சத்தியமும் மல்லிகாவின் கம்ப்யூட்டரும்

உமாபதிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய கம்ப்யூட்டர் கடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் வருகிறவர்கள்தான் உட்காருவார்கள். அவன் நிற்பான், நடப்பான், ஸ்க்ரூ டிரைவரை விரலில் உருட்டுவான், எதிர்க் கடைக்குப் போய் டீயைப் பாதி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். பார்க்கிறவர்களுக்கு வாசலில் கடன்காரன் யாரோ நிற்கிறான் என்று தோன்றும். அப்படி யாரும் இல்லை. காலில் சக்கரம், கையில் அரிப்பு, அவ்வளவுதான்.

அரிப்புக்குக் காரணம் இருந்தது. குடிபாலாவில் அடுத்தவர் நிலத்தில் கூலி செய்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் சேர்த்த கங்கையா, மகன் உமாபதியைத் திருப்பதிக்கு என்ஜினியரிங் படிக்க அனுப்பினார். தெருவுக்குத் தெரு நெட் சென்டர் முளைத்த காலம் அது. பையன் வகுப்பில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரையில் ஓடுகிற ஆட்டத்தில் அவனை ஜெயிக்கத் திருப்பதியில் ஆள் கிடையாது. பரீட்சையில் ஜெயிக்கத்தான் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பெங்களூருக்குப் போனான். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை கிடைத்தது. ரிப்பேருக்கு வந்த மெஷினிலேயே ஆடி அந்த வேலையையும் தொலைத்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பினான். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். நம் ஊரில் எல்லா வியாதிக்கும் இந்த ஒரு மருந்துதானே.

மருந்து கேட்கவில்லை. மனைவி பிரமிளாவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அவள் போன் மேல் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை, ஆட்டத்தில் இருந்தான். பக்கத்து வீட்டு செல்லியம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். போன் அடித்தது காதில் விழவில்லை என்று அவன் அழுதான். அவள் நம்பவில்லை. பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்தால்தான் திரும்பி வருவேன் என்றாள். அங்கே குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று செய்கிற சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. குடியை விடுகிறேன் என்று வந்தவர்களின் வரிசையில் உமாபதியும் நின்றான். முன்னால் நின்றவர், தம்பிக்கு என்ன பழக்கம் என்று கேட்டார். இவன் சொன்னதும், இதற்கெல்லாமா பிள்ளையாரைத் தொந்தரவு செய்வது என்கிற மாதிரி பார்த்தார். ஆனாலும் உமாபதி சத்தியம் செய்தான். இனிமேல் கம்ப்யூட்டரில் ஆட மாட்டேன். மீறினால் அவள் மறுபடி நகரிக்குப் போய்விடுவாள், திரும்ப மாட்டாள். இருவருக்கும் அது தெரியும்.

பெண் கல்பனா இப்போது நாலாம் வகுப்பு. சத்தியம் இன்னும் நிற்கிறது.

ஆனால் தெரிந்த தொழில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆடுகிறவர்களுக்கு மெஷின் கட்டிக் கொடுக்கக் கடை போட்டான். சித்தூரிலிருந்து திருப்பதி வரை, கையில் இருக்கிற காசுக்கு எதை வாங்குவது என்று கேட்டு அவனிடம்தான் வந்தார்கள். சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டியின் படத்தைப் போனில் காட்டுவார்கள். விளக்கா ஆடப் போகிறது என்று கேட்டுத் தரைக்கு இறக்குவான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பான். முக்கியமாக, எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பான். வாங்கியவர்கள் கடையிலேயே ஆடிச் சரிபார்ப்பார்கள். அவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். சத்தியம் செய்தது கைதான். மனசு ஒவ்வொரு மெஷினிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இப்படி இருக்கும்போது மல்லிகா வந்தாள். பாலசமுத்திரத்துப் பெண். திருப்பதிப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். வளையல் வாங்கிக்கொள் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்தக் காசை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நாள் பூராவும் நின்ற இடத்தில் நின்று ஒரே பாகத்தைப் பொருத்துகிறவளுக்கு, லீவு நாளில் மலைப்பாதையில் கார் ஓட்டுகிற ஆட்டம் ஆட வேண்டும். வேகமாக எங்கேயாவது போக வேண்டும் என்றாள். உமாபதிக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் வினையாயிற்று.

ஆட்டத்தின் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு, அவள் காசுக்குச் சின்னதே போதும். ஆனால் பெரிய கார்டு ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதை ஒரு மெஷினில் போட்டு, படம் எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான். அதையே போட்டான். கணக்கைச் சரிக்கட்ட, பேர் தெரியாத மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டினான். ஊருக்குச் சொன்ன சட்டி, அகப்பை எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

அந்த மெஷின் ஒரு நாள் ஆர்.டி.சி பஸ் பார்சலில் திரும்பி வந்தது. பின்னாலேயே மல்லிகாவின் போனும் வந்தது.

"வேகமா போய்க்கினு இருக்கும்போதே ஆஃப் ஆயிடுதுண்ணா. வளையலு வாங்கியிருந்தா கையிலயாவது இருந்திருக்கும்னு அம்மா சொல்றாங்க. எனக்கு வேற காசு இல்ல."

சோதனை புரோகிராமை ஓட விட்டான். மெஷின் சமர்த்தாக ஓடியது. மலிவுப் பெட்டி மேல்தான் சந்தேகம், ஆனால் கார்டாகவும் இருக்கலாம். தப்பாக மாற்றி அனுப்பினால் மறுபடி திரும்பி வரும், அந்தப் பெண் மறுபடி அம்மாவிடம் பேச்சுக் கேட்பாள். எப்போது அணைகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு யாராவது ஆட வேண்டும். வழக்கமாகக் கடையைச் சுற்றுகிற பையன்களுக்கு, பிளஸ் டூ மாதிரியான இன்டர் பரீட்சை, ஒருவனும் வரவில்லை. மல்லிகாவுக்கு ஷிப்ட்.

உமாபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தான். டீக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமலே வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கினான். ஆடுவதற்கா ஆடுகிறோம், ரிப்பேருக்குத்தானே என்று ஒரு மனசு சொன்னது. ஒரு மடக்குத்தானே என்று ஆரம்பித்த ஆட்களைக் காணிப்பாக்கத்து வரிசையிலேயே பார்த்திருந்தான். கை கீபோர்டு வரைக்கும் போய்விட்டது. அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. போனை எடுத்தான்.

"பிரமிளா, கடைக்கு வா. நான் ஒண்டியா இருந்தா ஆடிடுவேன்."

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். கார்டு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னான்.

"அந்தப் பொண்ணு காசுல உங்க ஆசையா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தாள். "தள்ளுங்க. நான் ஆடறேன்."

முதலில் காரைச் சுவரில் மோதினாள். பிறகு பள்ளத்தில் விட்டாள். அவன் பின்னால் நின்று, எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னான். தையல் மெஷினில் வேகத்தை ஏற்றி இறக்கப் பழகியவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. திருமலையிலிருந்து கீழே இறங்குகிற பாதை மாதிரி வளைவுக்கு மேல் வளைவு வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கை வலிக்கும், கொஞ்சம் நிறுத்து என்றான். நிறுத்தவில்லை.

கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த அவள் போன் அடித்தது. போன் வருகிறது என்றான். "ம்" என்றாள், கண்ணை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவனே எடுக்கலாம் என்று கை நீட்டியபோது, மேட்டில் ஏறிக்கொண்டிருந்த காரோடு திரை அணைந்தது. அவன் மெஷினை நெருங்கிக் காது கொடுத்தான். கரண்ட் பெட்டியின் ஃபேன்கூட நின்றுபோயிருந்தது. பழுது அந்தப் பெட்டியில்தான். வேறு நல்ல பெட்டி அலமாரியில் இருந்தது. தன் செலவிலேயே மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

அதைச் சொல்லத் திரும்பினான். பிரமிளா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாவிடமிருந்து இரண்டு அழைப்பு. அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டாள். கல்பனா ஸ்கூலிலிருந்து வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். ஒன்றுமில்லை, என் வீட்டில் சோறு துன்னுகினு இருக்கிறாள், நிதானமாக வா என்றாள் செல்லியம்மா.

பிரமிளா போனை மடியில் வைத்தாள்.

"எத்தினி தபா அடிச்சுது?"

"ரெண்டு தபா. நான்கூட சொன்னேன்."

"நீங்க சொன்னதும் கேக்கல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு காதுல விழலன்னு சொன்னீங்க. இத்தினி வருசமா பொய்யின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

உமாபதி வாசற்படியில் போய் உட்கார்ந்தான். டீக்கடைக்காரர் இதை அதிசயமாக எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான்.

பெட்டியை மாற்றின பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்றான். பிரமிளா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியிருந்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"பரீட்சை முடிஞ்சி பசங்க வரட்டும். நான் ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்" என்றாள்.