சுவருக்குள் இருந்த ஜன்னல்

எங்கள் வீட்டைப் படம் எடுக்க கோவையிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருவார்கள். ஆனைமலைத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து, "இதை இடிச்சுடாதீங்க அக்கா" என்பார்கள். கொடுத்துவைத்த பிள்ளைகள், சாயங்காலம் திரும்பிப் போய்விடலாம். சிங்காநல்லூரில் நாலு ஜன்னல் வைத்த வீட்டில் வளர்ந்த நான், இங்கே ஜன்னலே இல்லாத அறையில் பட்டப்பகலில் லைட் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டும். ஒரே ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்காத நாளில்லை.

"சொவுத்துல கை வெச்சா ஊடே உக்காந்துருமாம். எங்கம்மா சொல்லும்" என்பார் கணவர். பதினோரு வருஷம் அதை வேதவாக்காக நம்பித் தொலைத்தேன்.

போன மாதம் ஓடு மாற்ற வந்த ஆசாரியிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "சொமையெல்லாம் தூணும் உத்தரமும் தாங்குதுங்க. மண் சொவுரு வெறும் மறைப்புங்க. இடிச்சாலும் கூரை அசையாதுங்க."

கணவர் வாயைத் திறப்பதற்குள் கடப்பாரையை எடுத்து நானே ஆசாரி கையில் கொடுத்தேன். நாலு குத்துக்கு மண் உதிர்ந்தது. உள்ளே மரச்சட்டமும் மரக்கம்பிகளுமாக ஒரு ஜன்னல் முழுசாக இருந்தது.

"இது ஊடு கட்டறப்பவே வெச்சதுங்க" என்றார் ஆசாரி.

திரும்பிப் பார்த்தேன். மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார்.

"நாந்தா அடைச்சேன் கண்ணு" என்றார். "கட்டிக்கிட்டு வந்த புதுசு. இதுல பாத்தா எங்கூருக்குப் போற பஸ்ஸு தெரியும். உங்க மாமனாரு ஒருக்காக்கூட அனுப்பல. பாத்துப் பாத்து அழுகறதுக்குப் பதிலா, சாரல் அடிக்குதுன்னு சொல்லிப்போட்டு நானே மண்ணைக் கொழச்சுப் பூசிட்டேன். மறுக்கா யாரும் தொறக்கக் கூடாதுன்னுதான் ஊடு உக்காந்துரும்னு சொல்லி வெச்சேன்."

என் பதினோரு வருஷத்துக்கு அவரை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஆசாரி பக்கம் திரும்பி, மேலே தட்டச் சொல்லிக் கை காட்டினேன்.

ஆசாரி மிச்ச மண்ணையும் தட்டி எடுத்தார். தையல் மெஷின் மேல் வெளிச்சம் விழுந்தது. அத்தை மட்டும் கிட்டே வரவில்லை.

"பஸ்ஸு தெரியுதா, அம்மணி?"

கம்பி வழியே எட்டிப் பார்த்தேன். ரோட்டை மறைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிய தறி ஷெட்டின் சுவர் நின்றது.

"இல்லீங்க அத்தை. தறி ஷெட்டுச் சொவுருதானுங்க தெரியுது."

"அப்பச் செரி. தொறந்தே இருக்கட்டும்" என்றார்.