என் அளவுக்கு ஒரு மழைக்கோட்டு

கோட்டைக்குப்பத்தில் இருந்து நானும் என் கணவரும் ஒரே படகில் உப்புநீர் ஏரிக்குப் போய் வலை போடுகிறோம். பிளாஸ்டிக் மழைக்கோட்டு நண்டின் கொடுக்கு பட்டாலே கிழிந்துவிடும். அதனால் சென்னையில் பழைய துணி விற்கும் கடையில் மெழுகேற்றிய தடித்த பருத்திக் கோட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். அது ஆண்களுக்குத் தைத்தது. விரலைத் தாண்டித் தொங்கிய கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் வலையை இறக்கியபோது அந்த மடிப்பில் கயிறு மாட்டிக்கொண்டது. படகு ஓடிக்கொண்டிருந்ததால் கயிறு என்னைத் தண்ணீருக்கு இழுத்தது. என் கூச்சலைக் கேட்டு அவர் என்ஜினை நிறுத்துவதற்குள் இடுப்புவரை வெளியே தொங்கினேன். நல்லவேளை, கோட்டில் இருந்தவை பிரஸ் பட்டன்கள். இழுத்த இழுப்பில் அவை படபடவென்று திறந்துகொள்ள, கோட்டை விட்டு உருவிக்கொண்டு படகுக்குள் விழுந்தேன். வலையோடு போன கோட்டை அவர் பிறகு இழுத்தெடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் கணவரின் அண்ணன் கரையிலேயே கத்தினார். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல? ஊட்டோட கெட!"

"நீளமா இருந்தது கோட்டோட கை மாமா. அத்த வெட்டிக்கிறேன். படகுக்குப் போறத வுட மாட்டேன்" என்றேன்.

தையல்காரரிடம் கொடுத்துக் கையை மணிக்கட்டோடு குறைத்து, இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டனும் வைத்தேன். இப்போதெல்லாம் எந்தக் கோட்டையும் போட்டுக் குனிந்து, வலை இழுப்பதுபோல் கையை வீசிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். சோப்பு போட்டால் மெழுகு போய்விடும் என்பதால், நல்ல தண்ணீரில் உப்பை அலசி நிழலில் காயவைக்கிறேன். வெளுத்த இடத்தில் மெழுகை உருக்கித் தேய்க்கிறேன்.

மாமா இன்னும் முறைக்கிறார். முறைக்கட்டும். மழை பெய்தாலும் நான் வலை போடப் போகிறேன்.